ஓயாமல் சுழலும் பெடல்
பழைய பிரேமில் ஒரு நிலைச்சக்கர சைக்கிள்

சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கால்களை அசைக்காமல் சற்று நிறுத்திப் பாருங்கள். பெடல் நின்றுவிடும், வண்டி நிற்காது. பின்சக்கரத்தின் நடுவிலிருந்து 'டிக், டிக், டிக்' என்று ஒரு மெல்லிய ஒலி மட்டும் கேட்கும். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது?

பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் செயின் மாட்டியிருக்கும் சிறிய பல்சக்கரத்துக்குப் பிரீவீல் என்று பெயர். அதன் வயிற்றுக்குள் வில்கம்பி தாங்கிய சிறு நாக்குகள் இருக்கின்றன. முன்னோக்கி மிதித்தால் இந்த நாக்குகள் சாய்ந்த பற்களில் சிக்கிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுகின்றன. மிதிப்பதை நிறுத்தினால் அவை பற்களின் மேல் வழுக்கிச் செல்கின்றன. நாம் கேட்கும் ஒலி அந்த வழுக்கலின் ஒலிதான்.

இந்த ஒலியே எழாத சைக்கிளும் உண்டு. அதில் பிரீவீலுக்குப் பதிலாக ஒரு சாதாரணப் பல்சக்கரம் ஹப்போடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். பின்சக்கரம் சுழலும்வரை செயினும் சுழலும். செயின் சுழலும்வரை பெடலும் சுழலும். பெடல் சுழலும்வரை உங்கள் கால்களும் சுழன்றே ஆகவேண்டும். இதுவே பிக்சட் வீல், அதாவது நிலைச்சக்கர சைக்கிள். குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியில் முன்சக்கரத்தோடு சேர்ந்தே பெடல் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கஸில் ஒற்றைச் சக்கரத்தின் மேல் அமர்ந்து முன்னும் பின்னும் போகும் வித்தைக்காரரின் வண்டியும் இதே இனந்தான்.

பழைய முறை, புதிய ஆசை

சைக்கிளின் ஆரம்ப காலத்தில் எல்லா வண்டிகளும் இப்படித்தான் இருந்தன. பிரீவீல் பரவலானது 1890களின் இறுதியில்தான். அதன் பிறகும் பந்தயக்காரர்கள் நிலைச்சக்கரத்தை எளிதில் விட்டுவிடவில்லை. பிரான்சில் 1903இல் தொடங்கிய 'தூர் த பிரான்ஸ்' என்னும் நெடுந்தொலைவுப் பந்தயத்தில், ஓடும்போதே பல்சக்கரம் மாற்றும் கருவிகளுக்கு 1937 வரை அனுமதி இல்லை. மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, இரு பக்கமும் வெவ்வேறு பல்சக்கரங்கள் கொண்ட ஹப்பைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அந்த இருபக்க ஹப்பை நினைவில் வைத்திருங்கள். அது நமக்கும் பின்னால் பயன்படப் போகிறது.

இன்றும் ஓடுதடப் பந்தயங்களில் நிலைச்சக்கரமே விதி. டில்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட உள்ளரங்க மரத்தடத்தில் ஓடுபவை இத்தகைய வண்டிகளே. அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பென் 2018இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் ஓடுதடப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றதும் இத்தகைய வண்டியில்தான். அந்த வண்டிகளில் பிரேக்கே கிடையாது. தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். குறுக்கே ஆடு வராது, ஆட்டோ வராது. ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் மோதுவார் என்பதால் அங்கே பிரேக் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

அந்தப் படங்களைப் பார்க்கும் இளைஞர்களுக்குத் தாங்களும் அப்படி ஒரு வண்டி செய்யவேண்டும் என்ற ஆசை வருவது இயல்பே. புதுச்சேரி கதிர்காமத்தில் உங்கள் வீட்டுக் கொல்லையில் தாத்தா ஓட்டிய கறுப்பு நிறப் பெரிய சைக்கிளின் பிரேம் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு ஒரு நிலைச்சக்கர வண்டியை எப்படிக் கட்டுவது? பிரீவீலைக் கழற்றிவிட்டு ஒரு பல்சக்கரத்தைத் திருகினால் போதாதா?

போதாது. ஓர் உறுப்பை எடுத்துவிட்டால் மற்ற உறுப்புகளின் வேலையும் மாறிவிடுகிறது. ஹப், செயின், கிராங்க், பிரேக் ஒவ்வொன்றையும் "கால் நிற்காத வண்டியில் நீ என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது ஒவ்வொன்றாகக் காண்போம்.

பிரேம்: நூலால் ஒரு சோதனை

முதலில் பின்சக்கரத்தின் ஆக்சில் நுழையும் பிளவைக் கவனியுங்கள். நிலைச்சக்கர வண்டியில் செயினின் தளர்வைச் சரிசெய்யச் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே பிளவு படுக்கைவாக்கில் நீண்டிருக்க வேண்டும். நம் பழைய ரோட்ஸ்டர் வண்டிகளில் அப்படித்தான் இருக்கிறது. பல கியர் வண்டிகளில் பிளவு செங்குத்தாக இருக்கும். அத்தகைய பிரேம் இதற்கு ஆகாது.

அடுத்தது கோட்டம். ஒரு நீண்ட நூலின் முனையை இடப்பக்கப் பின்பிளவில் கட்டுங்கள். அதை முன்னால் கொண்டுபோய், ஹேண்டில்பார் நுழையும் தலைக்குழாயைச் சுற்றி, வலப்பக்கப் பின்பிளவில் இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பிரேம் நேராக இருக்கிறது. ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மூன்றாவது துரு. புதுச்சேரியில் கடற்காற்றின் உப்பு இரும்பைச் சும்மா விடுவதில்லை. மேலே தெரியும் துருவைவிடக் குழாய்க்குள் இருக்கும் துருவே ஆபத்தானது. சீட் குழாயையும் பெடல் அச்சு நுழையும் அடிக்கூட்டையும் திறந்து உள்ளே பாருங்கள். குழாய்கள் இணையும் மூட்டுகளில் வண்ணம் மயிரிழைபோல் வெடித்திருந்தால் அதைச் சுரண்டிப் பாருங்கள். கீழே உலோகத்திலும் கீறல் தொடர்ந்தால் அந்தப் பிரேமுக்கு விடைகொடுத்து விடுவதே நல்லது.

ஹப்: இரண்டு மரைகளின் கதை

இந்த வண்டியின் உயிர்நிலை பின் ஹப்தான். பணத்தில் பெரும்பங்கை இதற்கே ஒதுக்குங்கள்.

சாதாரண ஹப்பின் வலப்பக்கத்தில் ஒரே ஒரு மரை இருக்கும். அது வலமரை, வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும். வண்டியின் வலப்பக்கத்தில் நின்று பார்த்தால், முன்னோக்கி மிதிக்கும்போது செயின் பல்சக்கரத்தை வலஞ்சுழியாகவே இழுக்கிறது. எனவே மிதிக்க மிதிக்கப் பிரீவீல் இறுகிக்கொண்டே போகும். பின்னோக்கி மிதித்தாலோ நாக்குகள் வழுக்கிவிடுவதால் மரைக்கு எந்த விசையும் போய்ச் சேராது. ஒரு மரையே போதும்.

நிலைச்சக்கரத்தில் நிலைமை வேறு. வேகத்தைக் குறைக்க நீங்கள் கால்களால் எதிர்த்து அழுத்தும்போது செயின் பல்சக்கரத்தை இடஞ்சுழியாக இழுக்கிறது. வலமரைக்கு இது கழற்றும் திசை. பல்சக்கரம் கழன்றுவிட்டால் கால்கள் சும்மா பின்னோக்கிச் சுற்றும். வண்டியோ போய்க்கொண்டே இருக்கும். "மரை கழன்றவன்" என்று வேடிக்கையாகச் சொல்வோமே, இங்கே அது வேடிக்கையல்ல.

இதற்கென்றே செய்த ஹப்பில் இரண்டு மரைகள் அடுத்தடுத்து இருக்கும். உள்ளே பெரிய விட்டமுள்ள வலமரை. அதில் பல்சக்கரம் ஏறும். வெளியே சற்றுச் சிறிய விட்டமுள்ள இடமரை. அதில் ஒரு பூட்டு வளையம் ஏறும். பல்சக்கரம் கழல முயன்று இடஞ்சுழியாகச் சுழன்றால் அது பூட்டு வளையத்தை உரசி அதையும் அதே திசையில் தள்ளும். ஆனால் இடமரைக்கு இடஞ்சுழி என்பது இறுகும் திசை! கழற்ற வரும் விசையே பூட்டை இறுக்கிவிடுகிறது. சைக்கிளின் இடப்பக்கப் பெடலுக்கு இடமரை வைத்திருப்பதை எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். அதுவும் ஓடும்போது கழன்றுவிடாமலிருக்கச் செய்த ஏற்பாடுதான்.

சிலர் செலவை மிச்சப்படுத்த, இருக்கிற பிரீவீலின் வாயை வெல்டிங் செய்து அடைத்துவிடுகிறார்கள். நாக்குகள் அசையாமல் போவது உண்மைதான். ஆனால் அந்தப் பிரீவீல் ஏறியிருப்பது பழைய ஒற்றை மரையில் அல்லவா? எதிர்த்து அழுத்தும்போது பிரீவீல் முழுவதுமாகவே கழன்று வரக்கூடும். அதுவும் மெதுவாகப் போகும்போது வராது. அவசரத்தில் பலமாக அழுத்தும்போதுதான் வரும். அதாவது பிரேக் மிகவும் தேவைப்படும் அதே நொடியில் அது நம்மைக் கைவிடும். பசை ஊற்றி ஒட்டுவதும் இதே கதைதான். இரண்டு மரையுள்ள ஹப் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும்வரை காத்திருங்கள்.

இன்று கிடைக்கும் ஹப்புகளில் ஒரு பக்கம் நிலைப்பல்சக்கரமும் மறுபக்கம் பிரீவீலும் மாட்டக்கூடிய இருபக்க ஹப் ஒன்று உண்டு. அன்றைய பந்தய வீரர்கள் போலச் சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் வண்டி சாதாரண சைக்கிளாகிவிடும். பழகும் நாட்களில் இதுவே ஏற்றது.

வாங்கும் முன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிரேமின் பின்பிளவுகளுக்கு இடையிலுள்ள அகலம். நிலைச்சக்கர ஹப்புகளின் வழக்கமான அகலம் 120 மில்லிமீட்டர். பழைய பிரேம் அதைவிடக் குறுகலாக இருந்தால், இரும்புப் பிரேமைக் கைதேர்ந்த மெக்கானிக் நிதானமாக விரித்துக் கொடுப்பார். நாமே ஆக்சிலை வைத்து அடித்து நுழைக்கக் கூடாது. மற்றொன்று, ரிம்மின் துளைகள். ரோட்ஸ்டர் வண்டிகளில் முன் ரிம்முக்கு 32, பின் ரிம்முக்கு 40 துளைகள் இருப்பது வழக்கம். நிலைச்சக்கர ஹப்புகளோ பெரும்பாலும் 32 அல்லது 36 துளை கொண்டவை. பழைய பின் ரிம் இதற்குப் பொருந்தாது என்பதை இப்போதே தெரிந்துகொண்டால் பணம் வீணாகாது.

பற்களைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

நிலைச்சக்கர வண்டியில் ஒரே ஒரு கியர்தான். எதிர்க்காற்றுக்கும் அதுவே, இறக்கத்துக்கும் அதுவே.

28 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 2.23 மீட்டர் நகரும். முன் செயின்வீலில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், பெடலின் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 44 ÷ 18 = 2.44 சுற்று சுழலும். ஆகவே ஒரு மிதிச் சுற்றில் வண்டி 5.46 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். முன்னால் 48 பற்கள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 5.96 மீட்டர், அதே மிதியில் வேகம் சுமார் 21½ கிலோமீட்டர்.

48 பற்களே நல்லது என்று தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். கியர் கூடினால் ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் விசை வேண்டும். கடற்காற்றை எதிர்த்து ஓட்டும்போது இது புரியும். வேகத்தைக் காலால் குறைக்கும்போதும் அதே கணக்குதான். கியர் சிறியதாக இருந்தால் கால்களுக்கு நெம்பு பலம் அதிகம்.

மறுபுறம், கியரை மிகச் சிறிதாக்கவும் கூடாது. கோரிமேட்டிலிருந்து நகரை நோக்கி இறங்குகிறீர்கள். வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் ஆகிவிட்டது என்று கொள்வோம். 44-18 கியரில் உங்கள் கால்கள் நிமிடத்துக்கு 110 முறை சுழலவேண்டும். நிறுத்தவும் முடியாது. பழகாத கால்களுக்கு இது பெரும்பாடு. கியரை மேலும் சிறிதாக்கினால் கால்கள் இன்னும் வேகமாகச் சுழலவேண்டி வரும். புதுச்சேரி போன்ற பெரும்பாலும் சமதரையான ஊரில், புதிதாகப் பழகுபவருக்கு 44-18 ஒரு நல்ல நடுவழி.

டயரும் சுருக்கிய பின்னமும்

பற்களின் எண்ணிக்கையில் ஒளிந்திருக்கும் ஒரு கணித விந்தையையும் பார்த்துவிடுவோம்.

நிலைச்சக்கர வண்டிக்காரர் எதிர்த்து அழுத்தும்போது எப்போதும் பெடலின் ஒரே நிலையில்தான், அதாவது பழகிய கால் முன்னால் இருக்கும்போதுதான், பலமாக அழுத்துவார். அந்த நொடியில் பின் டயரின் எந்தப் பகுதி தரையில் இருக்கிறதோ அது அதிகம் தேயும். அடுத்த முறை அழுத்தும்போது டயரின் எந்தப் பகுதி தரையில் இருக்கும்?

பற்களின் பின்னத்தைச் சுருக்குங்கள். 48/16 என்பது 3/1. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் சரியாக மூன்று சுற்று சுற்றி, பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஆகவே டயரின் ஒரே இடம் மீண்டும் மீண்டும் தேயும். 48/18 என்பது 8/3. இதில் மூன்று இடங்கள் மாறி மாறித் தேயும். 44/18 என்பது 22/9, ஒன்பது இடங்கள். 44/17ஐச் சுருக்கவே முடியாது, பதினேழு இடங்கள். பின்னத்தின் கீழ் எண் எவ்வளவோ, தேய்மானம் அத்தனை இடங்களில் பங்கிடப்படும். ஆறாம் வகுப்பில் படித்த மீப்பெரு பொது வகுத்தி டயர்ச் செலவைக் குறைக்கிறது பாருங்கள்!

செயின்: நேர்கோடும் தளர்வும்

பிரீவீல் வண்டியில் செயின் கழன்றால் கை கறுப்பாகும், அவ்வளவுதான். நிலைச்சக்கரத்தில் கழன்ற செயின் சுழலும் பல்சக்கரத்தில் சிக்கிப் பின்சக்கரத்தையே பூட்டிவிடலாம். எனவே மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள்.

முதலாவது, முன் செயின்வீலும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். ஒரு நீண்ட அடிகோலைச் செயின்வீலின் முகத்தோடு வைத்துப் பின்னோக்கி நீட்டினால் அது பின் பற்களைச் சரியாகத் தொடவேண்டும்.

இரண்டாவது, தளர்வு. செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் ஒரு சென்டிமீட்டர் அளவு ஆடலாம். அதற்குமேல் ஆடினால் கழலும். கொஞ்சமும் ஆடாமல் விறைப்பாக இருந்தால் பால்ரஸும் பற்களும் விரைவில் தேயும். பெடலைச் சுற்றச் சுற்ற இறுக்கம் கூடிக் குறைவதையும் காண்பீர்கள். மிக இறுக்கமான இடத்தில் வைத்து அளவு பாருங்கள்.

மூன்றாவது, தேய்மானம். சைக்கிள் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தூரம் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். பழைய செயினில் அது 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். செயின் நீண்டது என்றால் இரும்பு இழுபட்டது என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆணியும் தேய்ந்து துளை பெரிதாகியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. வேட்டி நுனியோ துப்பட்டாவோ பிரீவீல் வண்டியின் செயினில் மாட்டினால், காலை நிறுத்திப் பின்னோக்கிச் சுற்றி எடுத்துவிடலாம். இதில் அது முடியாது. வண்டியின் வேகமே துணியை உள்ளே இழுக்கும். செயின் மூடியைக் கழற்றி எறியாதீர்கள். வண்டியை நிமிர்த்தி வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஓடும் செயினைத் துணியால் துடைப்பதும் கூடவே கூடாது. விரல் பற்களுக்கிடையே போனால் சக்கரம் நிற்காது, விரல் துண்டிக்கப்படும்.

கிராங்க்: திருப்பத்தில் தரை தட்டுமா?

சாதாரண வண்டியில் திரும்பும்போது உட்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்கிறோம். நிலைச்சக்கரத்தில் திருப்பத்திலும் பெடல் சுழல்வதால், அது கீழே வரும் நேரத்தில் தரையில் இடித்தால் பின்சக்கரம் தூக்கப்பட்டு வண்டி விழும்.

உங்கள் பிரேமில் பெடல் அச்சின் உயரம் 29 செ.மீ., கிராங்கின் நீளம் 16.5 செ.மீ. என்று கொள்வோம். பெடலின் கனத்தில் பாதி 1.5 செ.மீ. போனால், பெடலுக்கும் தரைக்கும் இடைவெளி 11 செ.மீ. வண்டியின் நடுக்கோட்டிலிருந்து பெடலின் வெளிமுனை 17.5 செ.மீ. தள்ளியிருந்தால், வண்டி சுமார் 32 டிகிரி சாயும்போது பெடல் தரையைத் தொடும்.

புதுச்சேரி நகரின் பழைய தெருக்கள் செங்குத்தாக வெட்டிக்கொள்பவை. 6 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 18 கிலோமீட்டரில் திரும்பினால் வண்டி 23 டிகிரி சாயும், கவலையில்லை. 22 கிலோமீட்டரில் திரும்பினாலோ சாய்வு 32 டிகிரியாகிவிடும்; பெடல் தட்டும்! நாலு கிலோமீட்டர் வேகந்தான் வித்தியாசம். ஏனெனில் சாய்வைத் தீர்மானிப்பது வேகத்தின் வர்க்கம். எனவே குட்டைக் கிராங்கையும் அகலம் குறைந்த பெடலையும் தேர்ந்தெடுங்கள். அதைவிட முக்கியமாக, திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

பழைய வண்டிகளில் கிராங்கை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்னும் ஆப்பு. முன்னோக்கி மட்டும் மிதித்தால் அது நன்றாகவே இருக்கும். இங்கே விசை முன்னும் பின்னுமாக மாறி மாறி வருவதால் ஆப்பு தளரும். முடிந்தால் சதுர முனை அச்சுள்ள கிராங்குக்கு மாறுங்கள். இல்லையேல் புதிய பின் போட்டு, ஓரிரு நாள் ஓட்டியதும் மீண்டும் இறுக்குங்கள்.

பெடலில் கால் வழுக்காமலிருக்க முன்கொக்கியும் வாரும் வேண்டும். கால் நழுவினால் சுழலும் பெடல் கெண்டைக்காலை அடிக்கும். அதோடு எதிர்த்து அழுத்தும் வழியும் போய்விடும்.

பிரேக்: காலை நம்பலாமா?

"காலாலேயே நிறுத்தலாமே, பிரேக் எதற்கு?" என்ற கேள்விக்கு இப்போது வருவோம்.

காலால் எதிர்த்து அழுத்தும் விசை பின்சக்கரத்துக்கு மட்டுமே போகிறது. வண்டி வேகம் குறையும்போது நம் எடை முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. பேருந்து பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதே விதி. அப்போது பின்சக்கரம் தரையை அழுத்துவது குறைகிறது. ஆகவே அதன் பிடிப்பும் குறைகிறது. எவ்வளவு பலசாலியானாலும் பின்சக்கரம் ஓரளவுக்கு மேல் நிறுத்தாது, வழுக்கத் தொடங்கிவிடும்.

நல்ல உலர்ந்த தார்ச்சாலையில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், பின்சக்கரத்தை மட்டும் முழுப் பலத்தோடு நிறுத்தினால் வண்டி நிற்க ஏறத்தாழ 7 மீட்டர் வேண்டும். முன்பிரேக்கை முறையாகப் பிடித்தால் சுமார் 4 மீட்டர் போதும். இடையிலுள்ள 3 மீட்டர் ஓர் ஆட்டோவின் நீளத்தைவிட அதிகம். வழுதாவூர் சாலையில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியின் முன்னால் ஒருவர் திடீரென்று குறுக்கே நடந்தால், அவரைத் தொடாமல் நிற்பதா, மோதுவதா என்பதை அந்த 3 மீட்டர்தான் முடிவு செய்யும். ஓடுதடத்தின் விதி சாலைக்குப் பொருந்தாது. முன்பிரேக் இல்லாத நிலைச்சக்கர வண்டியைச் சாலையில் இறக்கவே கூடாது.

எந்தப் பிரேக்? பழைய ரோட்ஸ்டரில் கம்பிகள் மூலம் இழுக்கப்பட்டு, ரிம்மின் உட்புறத்தை அழுத்தும் பிரேக் இருக்கும். அதற்கு அதற்குரிய ரிம்தான் பொருந்தும். இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கேபிள் பிரேக் வேண்டுமானால், பக்கம் தட்டையான ரிம் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள். போர்க்கின் தலையில் பிரேக் ஆணி நுழையத் துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

குரோமியம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அலுமினிய ரிம்மே நல்லது. நனைந்தாலும் அதில் பிடிப்பு கூடுதலாக இருக்கும். ஆனால் இன்று எளிதில் கிடைக்கும் 622 மி.மீ. அலுமினிய ரிம், பழைய 28 × 1½ அங்குல டயருக்குரிய 635 மி.மீ. ரிம்மைவிட விட்டத்தில் 13 மி.மீ. சிறியது. ஆகவே பிரேக் கட்டை ஆறரை மி.மீ. கூடுதலாகக் கீழே எட்டவேண்டும். நீண்ட கையுள்ள பிரேக்காகக் கேட்டு வாங்குங்கள்.

எதில் சிக்கனம் செய்யலாம்?

பணம் எல்லோரிடமும் அளவாகத்தான் இருக்கும். இரண்டு மரை ஹப், முன்பிரேக், புதிய செயின் ஆகிய மூன்றிலும் சிக்கனம் வேண்டாம். ஹேண்டில்பார், சீட், மட்கார்டு ஆகியவை பழையவையே போதும். வண்ணப்பூச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வண்டி ஒரு மாதம் ஓடி, எங்கும் தளர்வு இல்லை என்று உறுதியான பிறகு வண்ணம் அடிக்கலாம்.

சக்கரம் கோப்பதையும் கோட்டம் எடுப்பதையும் உங்கள் தெரு மெக்கானிக்கிடம் விடுங்கள். அருகில் அமர்ந்து கவனியுங்கள். ஒவ்வொரு போக்ஸ் கம்பியையும் விரலால் சுண்டி, ஒலியைக் கேட்டே இறுக்கத்தை அறியும் அவருடைய செவி எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம்.

முதல் ஓட்டம் ஒரு காலி மைதானத்தில் நடக்கட்டும். பெடல் வார்களை இறுக்காமல், பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். பல ஆண்டுப் பழக்கத்தில் கால்கள் தாமாகவே நிற்கப் பார்க்கும். பெடல் அவற்றைத் தூக்கிவிடும். அப்போது பயப்படாமல் மிதித்துக்கொண்டே இருங்கள். நிற்கவேண்டுமானால் பிரேக் பிடித்து, வண்டி முழுவதும் நின்ற பிறகே காலை ஊன்றுங்கள். நூறு மீட்டர் ஓட்டியதும் இறங்கிப் பூட்டு வளையத்தையும் ஆக்சில் நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள்.

சில நாட்களில் ஒரு புதிய உணர்வு பிடிபடும். சாலையின் ஏற்றம், இறக்கம், காற்று எல்லாம் பெடல் வழியாகக் கால்களுக்குத் தெரியவரும். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கண்ணைவிடக் கால் முன்னதாகச் சொல்லும். கொல்லையில் கிடந்த பிரேம் மறுபடி சாலைக்கு வந்துவிட்டது. அதை ஓட்டிக்கொண்டு வீட்டிலிருந்து புறப்படும்போது, வாசலைத் தாண்டுமுன் ஒருமுறை முன்பிரேக்கை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.